நாவல்பழ ஸ்குவாஷ் நிறம் வெளுக்குது, எங்கே தப்பு?

செவ்வாழை (கேள்வி)
வணக்கம். நாவல்பழமும் களாப்பழமும் சேர்த்து ஸ்குவாஷ் போட்டு, மகளிர் குழு மூலமா விற்கலாம்னு திட்டம். ரெண்டு ஈடு போட்டாச்சு. முதல் ஈட்டில் கெடாம இருக்க லிட்டருக்கு 1 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் கலந்ததும் ஊதா நிறம் வெளிறிப்போச்சு. ரெண்டாவதில் அதை விட்டுட்டு, சாற்றை 20 நிமிஷம் கொதிக்கவிட்டு, சத்து கூடட்டும்னு நெல்லிச்சாறும் சேர்த்தோம். மூணே வாரத்தில் செங்கல் நிறம். நிறம் போனா ஆன்டிஆக்சிடன்டும் போயிடுமா? லேபிளில் ‘இரும்புச்சத்து நிறைந்தது’ன்னு போடலாமா?

சாறுபிழி
ஒரு பகுதி போயிடும். நாவலில் அந்த நிறமே ஆந்தோசயனின்தான், அந்த நிறமியே ஒரு ஆன்டிஆக்சிடன்ட். டெல்ஃபினிடின், பெட்டுனிடின், மால்விடின் வகைகள். முக்கியமா தோலில் இருக்கு. முதல் ஈட்டில் நடந்தது வேற: மெட்டாபைசல்ஃபைட்டிலிருந்து வர்ற கந்தக டைஆக்சைடு ஆந்தோசயனினோட ஒட்டி அதை நிறமற்றதாக்கிடும். அதனால கருஞ்சிவப்புச் சாறுகளுக்கு எப்பவும் சோடியம் பென்சோயேட்தான். எஃப்.பி.ஓ. (பழைய பழப்பொருள் உத்தரவு) காலத்து ஸ்குவாஷ் வரம்பு 600 பிபிஎம் (கிலோவுக்கு மில்லிகிராம்) பென்சோயிக் அமிலம், அதாவது கிலோ ஸ்குவாஷுக்கு 0.7 கிராம் சோடியம் பென்சோயேட். கந்தக டைஆக்சைடுக்கு 350 பிபிஎம். நீங்க போட்டது அதையும் தாண்டுது.

நெல்லி சேர்த்ததுதான் ரெண்டாவது ஈட்டின் பெரிய தப்பு. வைட்டமின் சி காற்றுபட்டுச் சிதையும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். அது நிறத்தைத் தின்னும். ரெண்டு நல்ல பொருளைச் சேர்த்தா ரெண்டும் சீக்கிரம் கெடுது. புளிப்புக்கு எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) போதும்.

செய்முறை: பழத்தைக் கையால் மசிங்க, மிக்ஸியில் கொட்டை உடைஞ்சா துவர்ப்பு தொண்டையைப் பிடிக்கும். 70 டிகிரியில் 10 நிமிஷம் சூடாக்கி, துணியில் வடிகட்டுங்க. தோலின் நிறம் இறங்க அந்தச் சூடு வேணும், கொதி வேண்டாம். 1 லிட்டர் சாறுக்கு 1¾ கிலோ சர்க்கரை, 1 லிட்டர் தண்ணீர், 30 கிராம் எலுமிச்சை உப்பு. பாகை மட்டும் கொதிக்கவிட்டு, வடிகட்டி, ஆறினபிறகு சாற்றைச் சேருங்க. பென்சோயேட்டை கொஞ்சம் வெறும் தண்ணீரில் கரைச்சு, கிளறிக்கிட்டே கடைசியா ஊத்துங்க. புளிப்புச் சாற்றில் பொடியா அள்ளிப்போட்டா கரையாம படிஞ்சு நிற்கும்.

காட்டுக்களா
பாத்திரத்தையும் பாருங்க அக்கா. இரும்பு வாணலியில் பழத்தின் துவர்ப்புப் பொருளான டானின் இரும்போட சேர்ந்து கருநீலமாயிடும். அலுமினியம், பித்தளையும் வேண்டாம், எவர்சில்வர்தான்.

களாவில் நிறத்துக்கு நல்லா கறுத்துக் கனிஞ்ச பழம் மட்டும். காம்பைக் கிள்ளி, கீறி, உப்புத் தண்ணியில் கொஞ்ச நேரம் போட்டா பால் பிசுக்கு கழியும். சிவந்து மூத்த காயை ஸ்குவாஷில் சேர்க்காதீங்க. அதில் பெக்டின் அதிகம், பாட்டிலுக்குள்ளேயே கூழா உறையும். அதைத் தனியா ஜெல்லிக்கு ஒதுக்குங்க: ஒரு கப் வடிநீருக்கு முக்கால் கப் சர்க்கரை, 105 டிகிரியில் இறக்கணும்.

அளவுகோல்
லேபிள் விஷயத்தில் தயவுசெய்து அவசரப்படாதீங்க. களாவில் 100 கிராமுக்கு 39.1 மில்லிகிராம் இரும்புன்னு எல்லாரும் பகிர்றது, ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையில் *உலர்ந்த* களாவுக்குத் தந்த எண். உலர்த்தாத களாவில் 91 சதவீதம் தண்ணீர். அதைச் சாறாக்கி, நாலில் ஒரு பங்காக்கி, குடிக்கும்போது இன்னும் தண்ணீர் விடுறோம். போதாததுக்கு டானின் இரும்பைப் பிடிச்சுவெச்சுக்கும். இரத்தசோகை இருக்கிற பெண் அதை நம்பி மாத்திரையை நிறுத்தினா அது பெரிய பாவம்.

ஆன்டிஆக்சிடன்ட் ‘மதிப்பெண்’ணும் வேண்டாம். ஓராக் எண்கள் (ஆன்டிஆக்சிடன்ட் திறனைச் சோதனைக்குழாயில் அளந்த மதிப்பு) உடம்பில் என்ன நடக்கும்னு சொல்லாதுன்னுதான் அமெரிக்க வேளாண் துறை 2012இல் அந்தப் பட்டியலையே எடுத்துட்டாங்க. ‘நாவல், களாச் சாறு 25%, செயற்கை நிறம் இல்லை’ன்னு போடுங்க. உண்மையா இருந்தா அதுவே விற்கும்.

செவ்வாழை
ரொம்ப நன்றி. கண்ணாடி பாட்டில் கட்டுப்படியாகல. பெட் (பிளாஸ்டிக்) பாட்டில் ஆகுமா?

சாறுபிழி
ஆகும், ஆனா ஆறினபிறகே நிரப்புங்க. 70 டிகிரி தாண்டினா பாட்டில் சுருங்கும். பெட் வழியா காற்று மெல்ல உள்ளே போகும், அதனால சின்ன பாட்டிலா, கழுத்துவரை நிரப்பி, வெயில்படாம குளிர்ச்சியில் வைங்க. தண்ணீர் கலந்து குடிக்கச் சொல்லி லேபிளில் எழுதிடுங்க. பாலில் கலந்தா புளிப்பு குறைஞ்சு சாம்பல் நிறத்துக்குத் திரும்பும், கெட்டுப்போச்சுன்னு திருப்பிக் கொண்டுவருவாங்க.