அப்பாவுக்குத் தெரியுமா, தெரியாதா?

கேள்வி (மகள், திண்டுக்கல் பக்கம்):
அப்பாவுக்குக் கணையப் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது. இனி கீமோ வேண்டாம், வலிக்கு மட்டும் பார்ப்போம் என்று டாக்டர் அவர் முன்னால்தான் சொன்னார். வீட்டுக்கு வந்ததும், "வெறும் மஞ்சள்காமாலை, இறங்கிவிடும்" என்கிறார். தென்னங்கன்று வாங்கிவரச் சொல்லி வாய்க்கால் ஓரமாக நடவைத்தார். அன்று சாயங்காலமே, நிலப்பத்திரம் எந்தப் பையில் இருக்கிறது என்று அம்மாவுக்குக் காட்டிக்கொடுத்தார். மார்ஃபின் மாத்திரையை மட்டும் தொடமாட்டேன் என்கிறார், அது கடைசி நேரத்து மருந்தாம். ராத்திரியெல்லாம் முனகுகிறார். உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா? சித்தப்பா கூடவே கூடாது என்கிறார்.

பதில் 1:
சொல்லாதீர்கள். மனசு விட்டுப்போனால் சாப்பாடும் இறங்காது.

பதில் 2 (நர்ஸ், வலி தணிப்புச் சிகிச்சை):
சகோதரி, வீடு வீடாகப் போய் இப்படிப்பட்டவர்களைப் பார்ப்பதுதான் என் வேலை. பத்திரத்தை எடுத்துக் காட்டியவருக்கு விஷயம் தெரியும். தென்னங்கன்று நட்டதும் பொய்யில்லை. 1969-இல் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர், சாவை எதிர்கொள்பவர்களின் மனநிலையை ஐந்து நிலைகள் என்று எழுதினார், அதில் முதலாவது மறுப்பு, அதாவது நோயின் உண்மையை ஏற்காமல் இருப்பது. அதைப் படித்துவிட்டு, ஒன்று முடிந்துதான் அடுத்தது வரும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்க்கும் வீடுகளில் அப்படி நடப்பதில்லை. ஏவெரி வைஸ்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1972-இல் சொன்னதுதான் பொருந்துகிறது: நோயாளி தெரிந்தும் தெரியாமலும் இருப்பார், காலையில் ஒன்று பேசுவார், மாலையில் வேறு பேசுவார்.

அதனால் மஞ்சள்காமாலைப் பேச்சை மறுத்து வாதாடாதீர்கள். தானாகக் கேட்டால் மட்டும் பொய் சொல்லாதீர்கள். "டாக்டர் சொன்னது உங்களுக்கு எப்படிப் புரிந்ததுப்பா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். எவ்வளவு தூரம் போகலாம் என்று அவரே காட்டுவார்.

ஆனால் மாத்திரையில் விட்டுக்கொடுக்காதீர்கள். மறுப்பு அவரை வலியில் கிடத்தும்போது நாம் தலையிட்டே ஆகவேண்டும். மார்ஃபின் கடைசி நேரத்துக்கானது இல்லை, வலியின் அளவுக்குக் கொடுப்பது. "ராத்திரி தூங்கினால்தான் காலையில் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றமுடியும்" என்று சொல்லிப்பாருங்கள். மலச்சிக்கல் வரும், கூடவே அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள்.

கேட்டவர்:
நன்றி அக்கா. சித்தப்பாவிடமும் இதைப் படித்துக் காட்டினேன். மாத்திரையைப் பற்றி அப்பாவிடம் அவரே பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.