கார் கேரியரில் ஒன்றரை அடி நீட்டினால் 20,000 ரூபாய் அபராதம்: சரியா?

கிருஷ்ணகிரி டிரெய்லர்
14 வருடமாக கார் கேரியர் ஓட்டுகிறேன். போன வாரம் கர்நாடகா பக்கம் ஒரு யார்டில் ஏழு கார் ஏற்றிக்கொண்டு சேலத்துக்கு வந்தேன். தர்மபுரி தாண்டி ஒரு சோதனையில் நிறுத்தி அளந்தார்கள். டேப்பின் ஒரு முனையை டிரெய்லரின் கடைசிக் கம்பியில் என் கிளீனர் பையனைத்தான் பிடிக்கச் சொன்னார்கள். மேல்தட்டில் கடைசியாக நின்ற பெரிய காரின் பின்பக்கம் ஒன்றரை அடி வெளியே இருந்தது. மோட்டார் வாகனச் சட்டம் 194 (1ஏ) என்று எழுதி 20,000 ரூபாய் போட்டுவிட்டார்கள். ஓனர் அதை என் கணக்கில்தான் பிடிப்பார்.

என் வண்டி 18.75 மீட்டர் நீள வரம்புக்குள் கட்டியது. எஃப்.சி (தகுதிச் சான்று) சரியாக இருக்கிறது. அமெரிக்காவில் கார் கேரியர் 80 அடி நீளம் போகலாம், அதற்கு மேல் கார் முன்னால் 4 அடிக்குள்ளும் பின்னால் 6 அடிக்குள்ளும் நீட்டலாம் என்று 2015-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். நம் 18.75 மீட்டர் என்பது 61 அடி சொச்சம். இங்கே ஓர் அங்குலம்கூடக் கூடாதாம். இது நியாயமா, சொல்லுங்கள்.

காரிமங்கலத்தான்
அண்ணா, 20,000 பெரிய பணம், உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் நான் எதிர்ப்பக்கம்தான் நிற்பேன்.

எங்கள் சித்தப்பா பாலக்கோடு மார்க்கெட்டுக்கு பைக்கில் தக்காளி கொண்டுபோகிறவர். இரண்டு வருடம் முன்பு ஒரு விடிகாலை, ஹைவேயில் யு டர்ன் போடும் இடத்தில் ஒரு நீள டிரெய்லர் வலது பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. அது போகட்டும் என்று இவர் இடது ஓரமாக, அதன் வால் பக்கத்தில் காலை ஊன்றி நின்றார். தலை வலப்பக்கம் ஒடிய ஒடிய வால் இடப்பக்கம் ஒரு முழமாவது வீசியது. பைக்கோடு சேர்த்துத் தள்ளிவிட்டது. முழங்காலுக்குக் கீழே தகடு வைத்திருக்கிறார்கள், இன்றைக்கும் படி ஏறினால் கைப்பிடி வேண்டும். டிரைவருக்குத் தெரியவே தெரியாது, போய்க்கொண்டே இருந்தார். அந்த வாலுக்குப் பின்னால் இன்னும் ஒன்றரை அடி நீட்டலாம் என்கிறீர்களா?

கிருஷ்ணகிரி டிரெய்லர்
தம்பி, சித்தப்பாவுக்கு நடந்தது கொடுமை. ஆனால் நன்றாக யோசித்துப் பாருங்கள். அவரை இடித்தது வெளியே நீட்டிய லோடா, வண்டியின் உடம்பா? பைக் ஹேண்டில் உயரத்தில் இடித்திருக்கிறது என்றால் அது கீழ்த்தட்டு. எனக்கு அபராதம் போட்ட கார் மேல்தட்டில் இருந்தது, ஆள் தலைக்கு மேலே. பைக்கில் நிற்கிறவர்மீது அது எப்படிப் படும்? சட்டப்படி அளந்து கட்டிய வண்டியும் திரும்பும்போது வால் வீசத்தான் செய்யும்.

ஓசூர் பாடி பில்டிங்
டிரெய்லர் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறேன், அதனால் நடுவில் வருகிறேன். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி.

வால் வீச்சு வண்டியின் மொத்த நீளத்தால் வருவதில்லை. பின் ஆக்சிலுக்குப் பின்னால் எவ்வளவு தொங்குகிறது என்பதுதான் கணக்கு. ஒற்றை உடம்பு லாரிக்கு மத்திய மோட்டார் வாகன விதி 93 இதைக் கட்டுப்படுத்துகிறது. முன் ஆக்சிலிலிருந்து பின் ஆக்சில்வரை உள்ள தூரத்தில் 60 சதவீதத்துக்கு மேல் பின்னால் தொங்கக் கூடாது. ஆக்சில் இடைவெளி 5 மீட்டர் என்றால் தொங்கல் 3 மீட்டரோடு முடிந்தது. அந்த 3 மீட்டருக்குள்ளும் வால் வீசும். கிருஷ்ணகிரி அண்ணன் சொல்வது அதுதான், அது உண்மை.

ஆனால் அமெரிக்கக் கணக்கை இங்கே அப்படியே இழுக்க வேண்டாம், அண்ணா. அந்த 80 அடியும் 4 அடி, 6 அடி நீட்டலும் அங்கே ஸ்டிங்கர் என்று சொல்லும் வண்டிக்கு. முன் வண்டியின் கடைசி ஆக்சிலுக்கும் பின்னால், அதைவிடத் தாழ்வாக இணைப்பை வைத்திருப்பார்கள். ஒடியும் இடம் பின்னால் தள்ளிப்போவதால் அவ்வளவு நீள வண்டி வளைவில் ஓரளவு அடங்கி வரும். நம் ஊரில் பெரும்பாலும் ஓடுவது கிங்பின், அதாவது டிரெய்லரை முன் வண்டியோடு மாட்டும் முளை, முன் வண்டியின் ஆக்சிலுக்கு மேலே உட்காரும் சாதாரண டிராக்டர் டிரெய்லர். அப்புறம், அந்த 80 அடி அவர்களுடைய பெரிய நெடுஞ்சாலை வலைப்பின்னலுக்கான கணக்கு. நமக்கு குந்தாரப்பள்ளி கூட்ரோட்டில் ஆடு, ஷேர் ஆட்டோ, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் ஒரே இடத்தில் கடக்கிறார்கள்.

டூ வீலர் கேரியருக்கு மூன்று தட்டு அனுமதித்தபோதும் லோடு பாடி டிரைவர் கேபின் மேல் நீட்டக் கூடாது என்றுதான் நிபந்தனை. நீட்டல் விஷயத்தில் அரசு எங்கேயும் இளகவில்லை.

காரிமங்கலத்தான்
மேல்தட்டு ஆளை இடிக்காது என்று அண்ணன் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். பஸ்ஸை இடிக்குமே? இரவில் டிரெய்லரின் கடைசிச் சிவப்பு விளக்கைப் பார்த்துத்தான் பின்னால் வருகிறவர் தூரம் கணிக்கிறார். விளக்கு முடிந்த இடத்துக்கு அப்பால் ஒன்றரை அடி இரும்பு இருட்டில் நிற்கிறது. வண்டிக்குப் பின்னால் தடுப்புக் கம்பி வைப்பதே பின்னால் மோதுகிறவர் கீழே புகுந்துவிடாமல் இருக்கத்தான். லோடு அதைத் தாண்டி நீட்டினால் பஸ் டிரைவரின் கண்ணாடிதான் முதலில் போய்ப் படும்.

தொப்பூர் கணவாய் நீங்கள் வாரம் இரண்டு முறை இறங்கும் பாதை. கட்டமேட்டிலிருந்து இரட்டைப் பாலம்வரை இறக்கத்தில் ஒரு வண்டி நின்றால் பின்னால் வரிசையாக மோதுகிறது. 2020 டிசம்பரில் ஒரு லாரி பிடி இல்லாமல் இறங்கி, வரிசையில் நின்ற வண்டிகளை நசுக்கியதை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. அங்கே ஒன்றரை அடி சின்ன விஷயமா?

கிருஷ்ணகிரி டிரெய்லர்
தொப்பூரைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டாம், தம்பி. கட்டமேடு வருமுன்பே இரண்டாம் கியருக்கு வந்துவிடுவேன். முன்னால் போகிற வண்டியின் பிரேக் சூட்டு வாடை கேபினுக்குள் வரும். ஏழு கார் பெல்ட்டும் ஒரே சமயத்தில் முனகும். அந்தச் சத்தத்தை வைத்தே எது தளர்ந்திருக்கிறது என்று சொல்வேன்.

சரி, விளக்கு விஷயம் நியாயம். நீட்டலின் முனையில் சிவப்பு விளக்கு கட்டு என்று விதி போடட்டும், கட்டுகிறேன். ஆனால் லோடை நானா ஏற்றினேன்? யார்டில் அவர்கள் ஆள்தான் காரை ஏற்றுவார். சின்ன கார் மூன்று வரும் என்று சொல்லிவிட்டு, கடைசி நேரத்தில் பெரிய கார் மூன்று தருவார்கள். இறக்கு என்றால் அடுத்த லோடு கிடையாது.

ஓசூர் பாடி பில்டிங்
அதுதான் நடக்கிறது. வரிச் சலுகைக்காக 4 மீட்டருக்குள் கட்டும் சின்ன காரை மனதில் வைத்துத்தான் பலர் தட்டு போடச் சொல்வார்கள். அதில் 4.7 மீட்டர் கார் மூன்று நின்றால் ஒரே தட்டில் 2.1 மீட்டர் கூடுகிறது. சரிவாக நிறுத்தி, ஒன்றன் மூக்கை இன்னொன்றின் அடியில் நுழைத்துக் கொஞ்சம் மீட்கலாம். மீதி வெளியேதான் நிற்கும்.

பர்கூர் வாசகி
ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அந்த 194 (1ஏ)-வை முழுதாகப் படித்தவர் இங்கே யாரும் இல்லை போலிருக்கிறது. அது ஓட்டுகிறவரை மட்டும் சொல்லவில்லை. அப்படி லோடு ஏற்றிய வண்டியை ஓட்ட வைக்கிறவர், ஓட்ட அனுமதிக்கிறவர் எல்லோருக்கும் அதே 20,000. இறக்கும் செலவும் சேரும், லோடைச் சரிசெய்யாமல் வண்டி நகரவும் கூடாது. ஓனரும் யார்டும் அந்த வார்த்தைகளுக்குள் வரலாம். ஆனால் நடு ரோட்டில் நிற்கிறவர் டிரைவர் என்பதால் ரசீது அவர் பேரில் போகிறது. கிருஷ்ணகிரி அண்ணா, ஏற்றும்போது யார்டு சீட்டில் எவ்வளவு நீட்டல் என்று எழுதி வாங்கியிருக்கிறீர்களா?

கிருஷ்ணகிரி டிரெய்லர்
இல்லைம்மா. 14 வருடத்தில் ஒரு முறைகூட வாங்கவில்லை. சீட்டில் சேஸ் நம்பர், கீறல் இருக்கிறதா, சாவி எத்தனை, அவ்வளவுதான் இருக்கும்.

பர்கூர் வாசகி
அடுத்த லோடுக்கு டேப்பை வைத்துப் படம் எடுங்கள். தேதியும் நேரமும் தெரிய வேண்டும். எழுதித் தர மறுத்தால் ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அந்தப் படத்தை அனுப்பி, 'எடுக்கட்டுமா' என்று கேளுங்கள். அவர் 'எடு' என்று சொன்னால் அது அவர் அனுமதி.

காரிமங்கலத்தான்
இதை நானும் ஆதரிக்கிறேன். சித்தப்பா விஷயத்தில் ஓட்டியவர் யார் என்றே கடைசிவரை தெரியவில்லை, வண்டிக்காரர்கள்மேல் எனக்கு இருக்கும் கோபம் அதிலிருந்து வந்தது. ஆனால் மேல்தட்டில் ஒன்றரை அடி அனுமதி என்பதை இன்னும் ஏற்க மாட்டேன், அண்ணா. விளக்கு கட்டினாலும் சரி.

கிருஷ்ணகிரி டிரெய்லர்
நானும் விடவில்லை தம்பி. விளக்கோடு ஓர் அடியாவது கேட்பேன். நாளை மறுநாள் சூளகிரி வழியாக மேலே போகிறேன், திரும்பும்போது ஏழு கார். 5 மீட்டர் டேப் ஒன்று வாங்கி வண்டியில் போட்டுவிட்டேன். யார்டில் அளக்கவிடுகிறார்களா என்று வந்து இங்கே எழுதுகிறேன். காரிமங்கலத்தில் திரும்பும்போது கிளீனரை இறக்கி இடது பக்கம் நிறுத்துகிறேன். சித்தப்பாவிடம் சொல்லுங்கள்.