பாடம் தெரியாத பெற்றோர், பிள்ளைக்குப் படிக்கும் முறையைக் கற்றுத்தர முடியுமா?

கேள்வி: குடியாத்தம் அம்மா

அனைவருக்கும் வணக்கம். என் மகள் எட்டாம் வகுப்பு ஆங்கில வழியில் படிக்கிறாள். மகன் நான்காம் வகுப்பு. மகள் மாலையில் புத்தகத்தோடு உட்கார்ந்தால் இரவு உணவு வரை எழுந்திருக்க மாட்டாள். உரக்க வாசிப்பாள், முக்கியமான வரிகளுக்கு அடிக்கோடு இடுவாள், கைடில் உள்ள விடைகளை நோட்டில் பார்த்து எழுதுவாள். உழைப்பில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் மறுவாரம் வகுப்புத் தேர்வு முடிந்து வரும்போது, "எல்லாம் படித்ததுதான் அம்மா, எழுதும்போது வரவில்லை" என்று கண் கலங்குகிறாள்.

என் கணவர் ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலையில் ஷிப்டு முறையில் வேலை செய்கிறார். நான் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிறேன். அறிவியலையும் கணக்கையும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுக்க என்னால் இயலாது. டியூஷனில் சேர்த்துவிடுங்கள் என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் இவளுக்குக் குறைவது பாடம் கேட்கும் நேரம் என்று எனக்குத் தோன்றவில்லை. படிக்கும் முறையில்தான் ஏதோ விடுபட்டிருக்கிறது. அந்த முறையை வீட்டில் நாங்களே பழக்க முடியுமா? பாடமே தெரியாத தாயால் அது ஆகுமா?

பதில் 1: ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆரணி

அம்மா, வணக்கம். ஆகும் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

தங்கள் மகள் செய்கிற மூன்று செயல்களையும் எண்ணிப் பாருங்கள். வாசிக்கும்போதும் அடிக்கோடு இடும்போதும் பார்த்து எழுதும்போதும் விடை அவள் கண்முன்னே இருக்கிறது. தேர்வு எழுதும்போதோ விடை முன்னால் இல்லை. அதை நினைவிலிருந்து அவளேதான் எடுக்க வேண்டும். அந்த ஒரு வேலையை அவள் வீட்டில் பழகுவதே இல்லை. அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டுகிறது. கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினர் உரைநடைப் பகுதியொன்றை மீண்டும் படித்தார்கள். மற்றவர்கள் படித்ததை மூடிவிட்டு, நினைவுக்கு வந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் மீண்டும் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ மூடிவைத்து எழுதியவர்கள் தெளிவாக முந்திவிட்டார்கள். திரும்பத் திரும்ப வாசிப்பது அன்றைக்கு எல்லாம் தெரிந்துவிட்டது போன்ற நிறைவைத் தருகிறது என்பதால்தான், நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் இதில் ஏமாந்துபோகிறார்கள்.

எட்டாம் வகுப்பு சமூக அறிவியலில் 1806ஆம் ஆண்டு வேலூர்ப் புரட்சி வருகிறது. நம் ஊர்ப் பாடம் என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் படித்ததும் புத்தகத்தை மூடித் தங்களிடம் தந்துவிடச் சொல்லுங்கள். வெள்ளைத் தாளில், நினைவில் உள்ளதை எந்த வரிசையிலும் அவள் எழுதலாம். ஜூலை 10 என்ற நாள் வரும், புதிய தலைப்பாகை வரும், திப்புவின் பிள்ளைகள் கோட்டைக்குள் இருந்தது வரும். நெற்றியில் சமயக் குறி கூடாது என்ற ஆணை விடுபடலாம்; புரட்சிக்குப் பின் ஆளுநர் பெண்டிங் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டது விடுபடலாம். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டவற்றை வேறு நிற மையில் அவளே சேர்க்க வேண்டும். மறுநாள் எதைப் படிக்க வேண்டும் என்பதை அந்த வேறு நிறம் அவளுக்குச் சொல்லிவிடும். மற்றொருவர் சொல்லத் தேவையில்லை.

தங்கள் பங்கு இதற்கு அடுத்தது. பாடம் தெரியாதவர் கேட்கும் 'ஏன்' என்ற கேள்வி, தெரிந்தவர் கேட்பதைவிடப் பல நேரங்களில் நல்ல கேள்வியாக அமைகிறது. ஒரு தலைப்பாகைக்காகவா சிப்பாய்கள் துப்பாக்கி எடுத்தார்கள் என்று கேளுங்கள். அதில் தோலால் ஆன சின்னம் இருந்ததையும், தாடியை மழிக்கும் ஆணையோடும் நெற்றிக்குறித் தடையோடும் சேர்ந்து, தங்கள் சமயத்தின் மீதே கை வைக்கிறார்கள் என்ற அச்சம் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் ஒருசேர எழுந்ததையும் அவள் விளக்க வேண்டியிருக்கும். கோட்டையையே பிடித்துவிட்ட பிறகு புரட்சி ஏன் அன்றைக்கே அடங்கியது என்று கேளுங்கள். ஆங்கிலேயப் படைத் தளபதி கில்லெஸ்பியின் குதிரைப்படை ஆற்காட்டில் இருந்தது, அன்று காலையிலேயே வேலூருக்கு வந்து சேர்ந்தது என்று அவள் சொல்வாள். ஆற்காடு வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் என்பது பேருந்தில் போய்வந்த பிள்ளைக்குத் தெரியும். அந்தத் தூரத்தையும் காலை நேரத்தையும் சேர்த்துப் பார்த்தாலே பாடத்தின் பிற்பகுதி முழுவதும் அவளுக்குப் புரிந்துவிடும். அவள் சொல்வது சரியா என்று தங்களுக்கு ஐயம் வந்தால், "புத்தகத்தில் எந்த வரியில் இருக்கிறது, காட்டு" என்று கேட்டால் போதும்.

இதைத் தொடங்கிய முதல் சில நாள்களில் அவளுக்கு எரிச்சல் வரும், ஏனெனில் தாளில் நான்கு வரிகூடத் தேறாது. அந்நாள்களில் மதிப்பெண் போடாதீர்கள், தம்பியோடு ஒப்பிடவும் வேண்டாம்.

பதில் 2: சத்துவாச்சாரி வாசகர்

ஆசிரியர் ஐயா சொன்னதை எப்போது செய்வது என்பதை மட்டும் நான் சேர்க்கிறேன். ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட நினைவாற்றல் ஆய்வில், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து தம்மையே சோதித்துப் பார்த்தார். கற்றதில் பெரும்பகுதி தொடக்கத்திலேயே விரைவாக மறந்துபோகிறது, பிறகு மறதியின் வேகம் குறைகிறது என்று கண்டார். அதோடு, ஒரே நாளில் 68 முறை சொல்லிப் பழகியதற்கு ஈடான பயனை, மூன்று நாள்களில் பிரித்துச் செய்த 38 முறைப் பயிற்சியே தந்தது என்றும் குறித்திருக்கிறார். தேர்வுக்கு முந்திய இரவில் ஐந்து பாடத்தையும் புரட்டுகிற வழக்கம் நம் வீடுகளில் ஏன் பலன் தருவதில்லை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்றை மூன்று அறைகளாகத் தடுத்திருக்கிறோம். பழைய அழைப்பிதழ்களை வெட்டிய அட்டைகளில் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. எழுதுவது பிள்ளையின் வேலை. எல்லா அட்டைகளும் முதல் அறையில் தொடங்கும். அந்த அறையைத் தினமும் கேட்க வேண்டும். சரியாகச் சொன்ன அட்டை இரண்டாம் அறைக்குப் போகும், அதை ஒருநாள் விட்டு ஒருநாள் கேட்டால் போதும்; அங்கும் சரியாகச் சொன்னால் மூன்றாம் அறை, வாரம் ஒருமுறை. எந்த அறையில் தவறினாலும் அட்டை மீண்டும் முதல் அறைக்கே வர வேண்டும். 1970களில் செபாஸ்டியன் லைட்னர் என்பவர் பரவச் செய்த முறை இது. அட்டையைப் படிக்கத் தெரிந்தால் போதும் என்பதால் தங்கள் நான்காம் வகுப்பு மகனே அக்காவிடம் கேள்வி கேட்கலாம்; அவனுக்கு வாய்ப்பாடும் ஆங்கிலச் சொற்களும் கொண்ட தனிப் பெட்டி ஒன்றைக் கொடுத்துவிடுங்கள்.

செல்பேசி படிக்கும் அறையில் இருக்கக் கூடாது. ஒற்றை அறை வீடானால் அந்த நேரத்தில் அதை அணைத்துத் தங்கள் தையல் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

பதில் 3: பேரணாம்பட்டு மகள்

அக்கா, என் தாயார் பீடி சுற்றியவர். எழுத்துக் கூட்டிப் படிக்கவும் தெரியாது. மடியில் முறத்தை வைத்து இலையை வெட்டியபடியே, "இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன சொன்னார்கள், எனக்குப் புரிகிற மாதிரி சொல்" என்று நாள்தோறும் கேட்பார். நான் இப்போது அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். ஆகவே தங்கள் கடைசிக் கேள்விக்கு என் விடையும் 'ஆகும்' என்பதுதான்.

ஆங்கில வழி என்பது தங்களை அச்சுறுத்த வேண்டாம். ஒளிச்சேர்க்கையை மகள் முதலில் தமிழில் தங்களுக்கு விளக்கட்டும்: இலைக்கு எதெல்லாம் வேண்டும், எங்கிருந்து வருகிறது, முடிவில் என்ன உண்டாகிறது. தமிழில் தடையின்றிச் சொல்ல முடிந்தால் கருத்து புரிந்துவிட்டது. எஞ்சியிருப்பது ஆங்கிலச் சொற்கள் மட்டும், அவற்றை அட்டைப்பெட்டி பார்த்துக்கொள்ளும். தமிழிலும் திக்கினால் பாடமே புரியவில்லை என்று பொருள். மறுநாள் வகுப்பில் எந்த இடத்தைக் கேட்க வேண்டும் என்று அவளே குறித்துக்கொள்ளட்டும். என் வகுப்பில் இப்படிக் குறித்துக்கொண்டு வந்து கேட்கும் பிள்ளைகளைக் கண்டால் எனக்கு அன்று முழுவதும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

ஆசிரியர் ஐயாவோடு ஓரிடத்தில் மட்டும் வேறுபடுகிறேன். உரக்க வாசிப்பதை முழுவதும் விட்டுவிட வேண்டாம். மனப்பாடச் செய்யுளை வாய்விட்டுச் சொன்னால்தான் ஓசையே அடுத்த சீரை எடுத்துக் கொடுக்கும். சில முறை பார்த்துச் சொன்ன பிறகு ஒவ்வோர் அடியாகக் கையால் மறைத்துக்கொண்டு சொல்லச் செய்யுங்கள். சிறுவன் உரக்க வாசித்தால்தான் அவன் எந்த எழுத்தில் தடுமாறுகிறான் என்பதும் தங்களுக்குத் தெரியவரும்.

அக்கா தம்பிக்குச் சொல்லிக்கொடுப்பதும் நல்ல பயிற்சி. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை எனப்படும் மூத்த மாணவன் சிறுவர்களுக்குப் பாடம் சொன்ன வழக்கம் உண்டு. சென்னையில் அனாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மாணவரே மாணவருக்குக் கற்பிப்பதைப் பற்றி 1797இல் எழுதிய பின், 'சென்னை முறை' என்ற பெயரிலேயே அது இங்கிலாந்தில் பரவியது. ஆனால் தம்பியின் பாடம் முழுவதையும் அவள் தோளில் ஏற்றிவிடாதீர்கள். பெண்பிள்ளைகளின் நேரம் இப்படித்தான் கரைகிறது.

தூக்கத்தைக் குறைத்து விடியலில் எழுப்புவதும் வேண்டாம். பதின்ம வயதினருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது மருத்துவர்களின் பரிந்துரை. பகலில் கற்றது நினைவில் நிலைப்பதற்கும் அந்தத் தூக்கம் வேண்டும். கத்திரி வெயில் மாதங்களில் பகலில் நம் ஊர் வீடுகளுக்குள் உட்கார முடியாது, எனவே அதிகாலையே ஏற்றது என்றால், இரவு ஒன்பது மணிக்கே விளக்கை அணைத்துவிடுங்கள்.

குடியாத்தம் அம்மா

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை அறிவியலில் ஒரு பக்கத்தை மூடி வைத்து எழுதச் சொன்னேன். ஆறு வரிகள் வந்தன, அவளுக்கே வியப்பு. ஓர் ஐயம்: கணக்குக்கு இந்த முறை பொருந்துமா? நோட்டில் ஆசிரியர் போட்ட கணக்கைப் பார்த்தால் புரிகிறது என்கிறாள், தேர்வில் எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை என்கிறாள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆரணி

பொருந்தும் அம்மா. ஆசிரியர் போட்ட கணக்கின் முதல் வரியை மட்டும் விட்டு, மற்றவற்றைத் தாளால் மறைக்கச் சொல்லுங்கள். அடுத்த வரியை அவளே எழுதிவிட்டு, தாளை ஒரு வரி கீழே இறக்கிச் சரிபார்த்துக்கொண்டே போகட்டும். மறுநாள் அதே கணக்கை, எதையும் பார்க்காமல், வேறு எண்களோடு போட வேண்டும்.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் போவதற்கு வேறொரு காரணமும் உண்டு. பயிற்சியில் உள்ள கணக்குகள் எல்லாம் ஒரே வகையாக வரிசையில் இருப்பதால், எந்த வழியைக் கையாள்வது என்று அவள் யோசிக்க நேர்வதில்லை. தேர்விலோ வட்டியும் பரப்பளவும் சமன்பாடும் கலந்து வருகின்றன. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் முடிந்துபோன வெவ்வேறு பாடங்களிலிருந்து ஆறேழு கணக்குகளைச் சீட்டுகளில் எழுதிக் குலுக்கி, ஒவ்வொன்றாக எடுக்கச் செய்யுங்கள். விடை காண்பதற்கு முன், இது எந்த வகைக் கணக்கு, அதை எதைக் கொண்டு கண்டுபிடித்தாய் என்று ஒரு வாக்கியத்தில் தங்களிடம் சொல்லட்டும். பிறகு பேனாவை எடுக்கலாம்.