கம்மின்ஸ் 6பிடி: ராடு உடைந்து ஓட்டையான பிளாக்கை மாற்றிக் கட்டும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

கேள்வி – சங்ககிரி டென்வீல்

வணக்கம். என்னிடம் கம்மின்ஸ் 6பிடி (ஆறு சிலிண்டர் டர்போ டீசல்) எஞ்சின் பொருத்திய டாடா பத்துச் சக்கர லாரி இருக்கிறது. அண்மையில் பாரத்தோடு தொப்பூர் மேட்டில் ஏறும்போது ஆயில் பிரஷர் விளக்கு எரிந்திருக்கிறது. மேடு முடியட்டும் என்று ஓட்டுநர் ஓரங்கட்டாமல் ஓட்டியதில், நான்காம் சிலிண்டரின் கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) உடைந்து, சிலிண்டர்கள் அமைந்த இரும்பு உடலான பிளாக்கின் பக்கவாட்டைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டது. கிராங்கில் அந்த ராடு பூட்டும் ஜர்னல் (பேரிங் ஓடும் வழவழப்பான பகுதி) சூட்டில் நீலம் பாய்ந்திருக்கிறது. ஹெட்டும் டீசல் பம்பும் பார்வைக்குச் சேதமில்லாமல் இருக்கின்றன.

பழைய வண்டி உடைக்கும் இடத்தில் இதே எஞ்சினின் பிளாக் ஒன்று, மெயின் பேரிங் கேப்கள் (கிராங்கைப் பிளாக்கோடு பிடிக்கும் மூடிகள்) இல்லாமல், மலிவாகக் கிடைக்கிறது. எங்கள் கேப்களையே அதில் பூட்டிக்கொள்ளலாம் என்கிறார்கள். அப்படிச் செய்யலாமா? பிளாக்கோடு சேர்த்து வேறு எவற்றைக் கட்டாயம் மாற்ற வேண்டும்?

மறுமொழி – கோவை லேத் பட்டறை

கேப் இல்லாத பிளாக்கை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மெயின் கேப்களைப் பிளாக்கில் பூட்டி முறுக்கிய பிறகுதான் ஏழு மெயின் துளைகளையும் தொழிற்சாலையில் ஒரே நேர்கோட்டில் கடைந்து போர் செய்கிறார்கள். ஆகவே ஒரு பிளாக்கின் கேப் இன்னொன்றில் உட்கார்ந்தாலும் துளை வட்டமாகவும் நேராகவும் அமையாது. மறுபடியும் லைன் போரிங் செய்யும் செலவைக் கூட்டினால் அந்த மலிவு காணாமல் போய்விடும்.

கேப்களோடு கிடைக்கும் பழைய பிளாக்கானால், முன்பணம் கொடுக்கும் முன்பே நீர் அழுத்தச் சோதனையும், காந்தத்தால் விரிசலைக் கண்டுபிடிக்கும் மேக்னாஃப்ளக்ஸ் சோதனையும் செய்துவிடுங்கள். இந்த எஞ்சினில் தனி லைனர் (சிலிண்டருக்குள் செருகும் உறை) கிடையாது, பிஸ்டன் பிளாக்கின் இரும்பிலேயே நேரடியாக ஓடுகிறது. போரின் (சிலிண்டர் துளையின்) நிலை அளவு 102 மி.மீ.; 0.5, 1.0 மி.மீ. பெரிதான பிஸ்டன்கள் கிடைக்கும். ஏற்கெனவே 1.0 போட்ட பிளாக்கில் போர் தேய்ந்திருந்தால் ஆறுக்கும் ஸ்லீவ் (புது உள்ளுறை) அடிக்க வேண்டியிருக்கும். மேல்தளத்தை முன்பே யாராவது சீவியிருந்தால் பிஸ்டன் வழக்கத்தைவிட அதிகமாக மேலே நீட்டும். அதை டயல் கேஜில் அளந்து பார்த்துத்தான் கேஸ்கெட்டின் தடிமனைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இவையெல்லாம் நல்ல பட்டறை எதுவும் தானாகவே பார்க்கும் வேலைகள். பலர் கோட்டை விடுவது வேறோர் இடத்தில். உங்கள் எஞ்சினில் பேரிங் உருகி, அதன் துகள்கள் ஆயிலோடு சுற்றி வந்த பிறகுதான் ராடு உடைந்திருக்கிறது. அந்தத் துகள்கள் உடைந்த பிளாக்கோடு போய்விடவில்லை. ஆயில் கூலருக்குள்ளும், டர்போவிலும், கிராங்கின் எண்ணெய்த் துளைகளிலும், வால்வை இயக்கும் ராக்கருக்குப் போகும் எண்ணெய் வழிகளிலும் தங்கியிருக்கின்றன. கூலரின் அடுக்குத் தகடுகளுக்கு இடையே சிக்கியதை எந்த டீசலாலும் முழுமையாகக் கழுவி எடுக்க முடியாது என்பதால், அதைப் புதிதாகத்தான் போட வேண்டும். ஆயில் பம்பும் அப்படியே. டர்போவைப் பிரித்து அதன் பேரிங்கைப் பாருங்கள். பழைய கூலரை மாட்டிவிட்டுப் புதுப் பிளாக்குக்குச் செலவழிப்பது பணத்தை ஆற்றில் போடுவதுதான்.

நீலம் பாய்ந்த கிராங்கை அரைத்துச் சின்ன அளவு பேரிங் போடலாம் என்று சொல்வார்கள். ஜர்னலின் கடினமேற்றிய மேல்தோல் சூட்டில் இளகியிருக்கும், விரிசலும் விட்டிருக்கலாம். நானாக இருந்தால் அந்தக் கிராங்கைத் தொட மாட்டேன். உடையாத ஐந்து ராடுகளையும் விரிசல் சோதனைக்கு அனுப்புங்கள், புதிதாக வாங்கும் ராடின் எடை அவற்றோடு ஒத்திருக்கட்டும்.

ஹானிங் (போரைக் கல்லால் தீட்டும் வேலை) முடிந்த பிளாக்கை டீசலில் துடைத்து அனுப்பினால் ஏற்காதீர்கள். சோப்புக் கலந்த வெந்நீரால் போரைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, உலர்த்தியதும் எண்ணெய் நனைத்த வெள்ளைத் துணியால் துடைக்க வேண்டும். துணியில் சாம்பல் நிறம் ஏறுகிறவரை ஹானிங் கல்லின் பொடி இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். பிளாக்குக்குள் எண்ணெய் ஓடும் வழியான ஆயில் கேலரியின் அடைப்பான்களைக் கழற்றி நீளப் பிரஷ் விட வேண்டும். பிஸ்டனுக்கு அடியிலிருந்து எண்ணெய் பீய்ச்சும் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகக் காற்றடித்துப் பாருங்கள்.

மறுமொழி – நாமக்கல் வண்டிக்காரன்

கோவை அண்ணன் இரும்பைச் சொல்லிவிட்டார், நான் காகிதத்தைச் சொல்கிறேன். எஞ்சின் எண் பிளாக்கில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. பிளாக் மாறினால் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) உள்ள எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாது. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவின் கீழ் இதற்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் ஒப்புதல் தேவை என்பதால், பிளாக் வாங்கும் முன்பே போய்க் கேட்டுவிடுங்கள். பழைய பிளாக் என்றால் அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான ஆவணமும் விற்பனை ரசீதும் கையில் இருக்க வேண்டும். திருட்டு வண்டியின் பிளாக்காக இருந்துவிட்டால் லாரியே காவல் நிலையத்தில் நிற்கும். பழைய எண்ணைப் புதுப் பிளாக்கில் நாமே அடித்துக்கொள்ளலாம் என்று யோசனை சொல்பவர்களை அருகில் சேர்க்காதீர்கள். எஃப்.சி.யிலும் (தகுதிச் சான்றுச் சோதனையிலும்) இன்சூரன்ஸ் கோரிக்கையிலும் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

கேள்வியாளர் – சங்ககிரி டென்வீல்

இருவருக்கும் நன்றி. பழைய பிளாக்கை விட்டுவிட்டு, கேப்களோடு வரும் புதுப் பிளாக்கையே ரசீதோடு வாங்க முடிவு செய்திருக்கிறேன். கிராங்கும் புதிதுதான். பூட்டும்போது இந்த எஞ்சினுக்கென்று தனியாகக் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா? எங்கள் மெக்கானிக் பெரும்பாலும் டாடாவின் பழைய 697 எஞ்சினைக் கட்டியவர்.

மறுமொழி – கம்மின்ஸ் மெக்கானிக், சேலம்

697 கட்டிய கைக்கு இது சிரமமில்லை, ஆனால் வரிசை முக்கியம். கேம் ஷாஃப்ட்டின் அசைவை வால்வுக்குக் கடத்தும் டேப்பெட் இதில் காளான் வடிவமானது, கீழிருந்துதான் ஏறும். கேம் ஷாஃப்ட்டை நுழைத்துவிட்டு டேப்பெட் நினைவுக்கு வந்தால் எல்லாவற்றையும் திரும்பக் கழற்ற வேண்டியதுதான். பழைய கேமையே போடுவதானால், எந்த டேப்பெட் எந்த முகட்டில் ஓடியதோ அது அங்கேயே போக வேண்டும். கேம் புதிதென்றால் டேப்பெட்டும் புதிதாக இருக்கட்டும்.

முன்பக்க டைமிங் கியர் ஹவுசிங்கைப் பிளாக்கோடு நிலைநிறுத்தும் சிறிய டவல் பின்னையும் பாருங்கள். இதே 5.9 லிட்டர் எஞ்சின் 1989 முதல் அமெரிக்காவில் டாட்ஜ் பிக்கப் வண்டிகளில் வந்தது. அதிர்வில் அந்தப் பின் நழுவிக் கியர்களுக்கிடையே விழுந்த சம்பவங்கள் அங்கே நிறைய உண்டு. ஹவுசிங் திறந்திருக்கும்போதே அந்தப் பின் இருக்கும் துளையின் வாய் ஓரத்தைப் பஞ்ச் (உளி போன்ற இரும்புக் கருவி) வைத்துத் தட்டி மூடிவிட்டால் பின் வெளியே வராது.

வால்வு இடைவெளியைக் குளிர்ந்த நிலையில் இன்டேக்குக்கு 0.25, எக்ஸாஸ்டுக்கு 0.50 மி.மீ. வையுங்கள். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஆயில் பில்டரையும் டர்போவின் எண்ணெய் வாயையும் நிரப்பி, டீசலை நிறுத்தி வைத்தபடியே ஸ்டார்ட்டரைச் சிறிது சிறிதாகச் சுழற்றி, கேஜில் அழுத்தம் ஏறிய பின்னரே எஞ்சினை ஓடவிடுங்கள். டேஷ்போர்டு விளக்கை நம்பாமல் தனி கேஜ் மாட்டிப் பாருங்கள். எஞ்சின் சூடேறிய பின் ஆயில் அழுத்தம் ஐட்லிங்கில் 10 பிஎஸ்ஐக்கும், முழு வேகத்தில் 30 பிஎஸ்ஐக்கும் கீழே வந்தால் உடனே நிறுத்துங்கள். மணிக்கணக்கில் ஐட்லிங்கில் விடும் பழைய பழக்கம் இதற்கு ஆகாது, ரிங் போரில் சரியாகப் படியாமல் ஆயில் குடிக்கத் தொடங்கும். மிதமான பாரத்தோடு சாலையில் ஓட்டி, முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றி, கழற்றிய பில்டரை அறுத்து உள்ளே உலோகப் பொடி இருக்கிறதா என்று பாருங்கள்.