புதுப்பிப்பு: விவசாயி, வயல், எடைச்சீட்டு டேபிள்கள் சரியாகிவிட்டன
மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர் நெல் கணக்குக்கு டேட்டாபேஸில் இந்த மூன்று டேபிளை ஜாயின் செய்தால் (ஒன்றாக இணைத்தால்) ஒரே விவசாயி பலமுறை வருகிறார், லூப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கேட்டால் 200 பேரின் வயலுக்கே 201 குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி; பட்டியலுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று) ஓடுகிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். பைத்தானில் டேட்டாபேஸைக் கையாளும் எஸ்க்யூஎல்ஆல்கெமி லைப்ரரியில், தொடர்புள்ள வரிகளை மொத்தமாக எடுக்கும் செலக்ட்இன்லோட் போட்டேன்: முதலில் விவசாயிகள், அப்புறம் அவர்கள் ஐடிகளை வைத்து மொத்தமாக வயல்கள், அதேபோல் சீட்டுகள். மூன்றே குவெரி.

முன்பு ஜாயினில் ஒரு மா (நில அளவு) பரப்புள்ள வயலுக்கு மூன்று எடைச்சீட்டு இருந்தால் வரிகள் பெருகி, கூட்டும்போது பரப்பு மூன்று மா ஆகிவிடும், அது நின்றது. தாளடி (இரண்டாம் போக நெல்) இன்னும் அறுக்காததால் சீட்டு இல்லாதவர்கள், எல்லா டேபிளிலும் பொருந்தும் வரிகளை மட்டும் தரும் இன்னர் ஜாயினில் பட்டியலிலேயே இல்லாமல் போனதுதான் எனக்கு ரொம்ப உறுத்தியது. இப்போது அவர்கள் பெயரும் வயலும் வருகிறது, சீட்டு மட்டும் காலிப் பட்டியல். வழி சொன்ன எல்லாருக்கும் நன்றி.