மவுஸ் தானாக நகர்கிறது

குழு: நம்ம வீடு

சுந்தரம் மாமா (இரவு 9:04): நிவேதா, இருக்கிறாயா? வீட்டுக் கம்ப்யூட்டரில் மவுஸ் அம்பு தானாக நகர்கிறது. நான் கை வைக்கவே இல்லை.

கலா அத்தை: நானும் பக்கத்தில்தான் இருந்தேன். கேமராவின் சின்ன விளக்கு ஒரு நொடி எரிந்து அணைந்தது. அப்புறம் அம்பு நேராகப் போய் பிரௌசரைத் திறந்தது.

நிவேதா: மாமா, உடனே மோடத்தை அணைத்துவிடுங்கள். ஃபோனில் மொபைல் டேட்டா போட்டுக்கொள்ளுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

பிரபு: மவுஸுக்கு அடியில் தூசி இருந்தாலும் அம்பு துள்ளும் மாமா. பதறாதீர்கள்.

நிவேதா: தூசி என்றால் அம்பு நடுங்கும் அண்ணா. குறி பார்த்துப் போய் பிரௌசரைத் திறக்காது.

சுந்தரம் மாமா (9:09): அணைத்துவிட்டேன். அம்பு அப்படியே நின்றுவிட்டது.

நிவேதா: அப்படியென்றால் யாரோ வெளியிலிருந்து ஓட்டியிருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ராட் (RAT) என்று சொல்வார்கள், ரிமோட் ஆக்சஸ் ட்ரோஜன். உள்ளே வந்துவிட்டால் திரையைப் பார்க்கலாம், கேமராவைத் திறக்கலாம், நாம் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் பதிவு செய்யலாம்.

கலா அத்தை: ஐயோ, பேங்க் பாஸ்வேர்டு! மறுபடி நெட் போட்டு அதை மட்டும் மாற்றிவிடட்டுமா?

நிவேதா: வேண்டாம் அத்தை, அந்தக் கம்ப்யூட்டரில் வேண்டவே வேண்டாம். புதுப் பாஸ்வேர்டையும் அவர்கள் கையில் கொடுத்தது போல ஆகிவிடும். உங்கள் ஃபோனில் மாற்றுங்கள். முதலில் மின்னஞ்சல், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்குக்கும் சாவி அதுதான். அடுத்து பேங்க். பேங்குக்கு ஃபோன் செய்தும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு கணக்கிலும் ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்று இருக்கும், அதையும் அழுத்துங்கள். நாம் லாகின் செய்திருப்பதை நினைவில் வைக்கும் பிரௌசர் குக்கீயைத் திருடியிருந்தால் பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே போகலாம்.

பிரபு: ஒன்று புரியவில்லை நிவி. மோடத்திலேயே ஃபயர்வால் இருக்கிறதே, எப்படி உள்ளே வந்தார்கள்?

நிவேதா: ஃபயர்வால் வெளியிலிருந்து தட்டுபவரைத்தான் தடுக்கும். 1998-இல் டெஃப்கான் என்ற ஹேக்கர் மாநாட்டில் பேக் ஆரிஃபிஸ் என்ற இதே மாதிரிக் கருவியை வெளியிட்டார்கள். அது பாதிக்கப்பட்ட கம்ப்யூட்டரில் 31337 என்ற போர்ட்டை, அதாவது நெட்வொர்க் வாசலை, திறந்து வைத்துக் காத்திருக்கும். அந்த மாதிரியை ஃபயர்வால் மடக்கிவிடும். இப்போது வருபவை உள்ளே உட்கார்ந்துகொண்டு தாமே வெளியே அழைக்கின்றன. நாம் ஒரு இணையதளத்தைத் திறப்பதும் அதுவும் ஃபயர்வாலுக்கு ஒன்று போலத்தான் தெரியும். அதனால் யாராவது உள்ளே ஓடவிட்டால்தான் அது வேலை செய்யும். மாமா, சமீபத்தில் ஏதாவது புதிதாகப் போட்டீர்களா?

சுந்தரம் மாமா: நான் ஒன்றும் போடவில்லையே.

அகில் (9:31): அக்கா, நான்தான். போன வாரம் ஒரு கேம் கிராக், காசு கட்டாமல் விளையாட வைக்கும் திருட்டு ஃபைல், இறக்கினேன். ஜிப் ஃபைலுக்குப் பாஸ்வேர்டு கொடுத்திருந்தார்கள். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யச் சொன்னது. அப்பா, மன்னித்துவிடுங்கள்.

நிவேதா: சொன்னதே பெரிய உதவி அகில். எங்கே தேடுவது என்று தெரிந்துவிட்டது. ஜிப்புக்குப் பாஸ்வேர்டு போட்டதே ஸ்கேனர் உள்ளே பார்க்கக் கூடாது என்றுதான். ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும் எதையும் இனி தொடாதே. மாமா, விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் பகுதியின் செட்டிங்ஸில் எக்ஸ்க்ளூஷன்ஸ் என்ன காட்டுகிறது என்று பாருங்கள்.

சுந்தரம் மாமா (9:44): ஒரே ஒரு வரி இருக்கிறது. சி டிரைவ்.

நிவேதா: முழு சி டிரைவையும் பார்க்காதே என்று விண்டோஸின் ஆன்டிவைரஸான டிஃபெண்டருக்கு அந்தக் கிராக் சொல்லி வைத்திருக்கிறது மாமா. அதனால்தான் இத்தனை நாளும் ஒரு எச்சரிக்கையும் வரவில்லை. அந்த வரியை நீக்கிவிட்டு, ஸ்கேன் ஆப்ஷன்ஸில் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். கம்ப்யூட்டர் தானே ரீஸ்டார்ட் ஆகும். விண்டோஸ் எழும் முன்பே தேடுவதால் ட்ரோஜன் ஒளிந்துகொள்வது கடினம். சுமார் 15 நிமிடம் ஆகும்.

சுந்தரம் மாமா (10:12): ஹிஸ்டரியில் ‘பேக்டோர்’ என்று தொடங்கும் ஒரு பெயர். நீக்கிவிட்டதாகக் காட்டுகிறது. இனிப் பயமில்லைதானே?

நிவேதா: எனக்கு மனம் ஒப்பவில்லை மாமா. ஒரு வாரம் உள்ளே இருந்தவர்கள் இன்னொன்றை வைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஷெட்யூல்டு டாஸ்க், ஸ்டார்ட்அப் ஃபோல்டர், ரெஜிஸ்ட்ரி என்று ஒளிய எத்தனையோ இடம். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுவதுதான் நிம்மதி. படங்கள், ஆவணங்களை மட்டும் எடுத்து வையுங்கள். இன்ஸ்டாலர் எதையும் எடுக்காதீர்கள்.

பிரபு: என் லேப்டாப்பில் பென் டிரைவ் தயார் செய்து நாளை கொண்டு வருகிறேன். மாமா, உங்களுடையது விண்டோஸ் 10 தானே? அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இயந்திரம் தாங்கினால் 11-ஏ போட்டுவிடலாம்.

நிவேதா: அண்ணா, தினசரி வேலைக்கு எல்லோருக்கும் ஸ்டாண்டர்டு கணக்கு வைத்துவிடு. அட்மின் பாஸ்வேர்டு மாமாவிடம் மட்டும் இருக்கட்டும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் எக்ஸ்டென்ஷன், அதாவது ஃபைல் வகையைச் சொல்லும் பெயரின் கடைசிப் பகுதி, தெரியும்படியும் செய்துவிடு. விண்டோஸ் அதை மறைத்தே வைத்திருக்கும்.

(மறுநாள்)

பிரபு (மாலை 5:20): புதிதாகப் போட்டாகிவிட்டது. மாமாவின் படங்களை ஸ்கேன் செய்து ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

அகில் (5:47): அக்கா, என் பள்ளி ஃபோல்டரில் ஒரு பிடிஎஃப் இருந்ததே, சிவப்பு ஐகானோடு? இப்போது அதன் பெயர் பிடிஎஃப்-புக்குப் பின்னால் இன்னொரு புள்ளி வைத்து இ-எக்ஸ்-இ என்று முடிகிறது.

நிவேதா: அது பிடிஎஃப் இல்லை அகில், புரோகிராம். ஐகானை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். இரண்டு முறை கிளிக் செய்துவிடாதே. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு டெலிட் கொடு. பிரபு அண்ணாவின் பென் டிரைவிலும் ஒரு பிரதி இருக்கும், அதையும் பார்.

அகில் (5:52): இரண்டிலும் அழித்துவிட்டேன் அக்கா. அண்ணா இப்போது மறுபடி ஸ்கேன் ஓட்டுகிறார்.