அத்தைக்கு பட்டன் வச்ச போன்

குழு: கோவில்பட்டி சொந்தங்கள்

செல்வி அத்தை: எல்லாருக்கும் காலை வணக்கம். ஒரு விஷயம் கேக்கணும். இந்த டச் போனோட என்னால மல்லுக்கட்ட முடியல. ஒண்ண தொட்டா பக்கத்துல இருக்கறது விழுது, சில நேரம் தொட்டாலும் விழவே மாட்டேங்குது, நேத்து மகளிர் குழு கணக்க டைப் பண்ணி அனுப்பறதுக்குள்ள அடுப்புல பால் பொங்கி போச்சு. எழுத்துக்கு ஒரு பட்டன்னு முழுசா இருக்கற போன் வேணும், வாட்ஸப் ஜிபே ரெண்டும் ஓடணும், பத்தாயிரத்துக்குள்ள. நான் முன்னாடி வச்சிருந்த செவப்பு நோக்கியா மாதிரி

கணேசன் சித்தப்பா: அக்கா இதுக்கு எதுக்கு பத்தாயிரம். என் பீரோவுல ஜியோபோன் 2 சும்மா கிடக்கு. 2018ல 2,999 ரூவாய்க்கு வாங்கினது. முழு எழுத்து பட்டன். வாட்ஸப் உண்டு

கார்த்தி: மாமா அதுல வாட்ஸப் "உண்டு" இல்ல, "இருந்துச்சு". அது கைஓஎஸ் போன், ஆண்ட்ராய்ட் இல்ல, பட்டன் போனுக்குன்னு செஞ்ச வேற சாஃப்ட்வேர். 2024 ஜூன்லயே அதோட ஆப் ஸ்டோர்ல இருந்து வாட்ஸப்ப எடுத்துட்டாங்க, ஏற்கனவே போட்டு வச்சிருந்தவங்களுக்கும் 2025ல நின்னு போச்சு

கணேசன் சித்தப்பா: நல்லாத்தானடா இருந்துச்சு

கார்த்தி: போன் நல்லாதான் இருக்கு மாமா, உள்ள ஓட ஒண்ணும் இல்ல

சுமதி சித்தி: மதினி நீங்க கேட்ட மொளகா வத்தல் வந்துருச்சு. ரெண்டு கிலோவா மூணு கிலோவா

செல்வி அத்தை: ரெண்டு போதும் சுமதி

பாலா: அத்தை நீங்க சொல்ற செவப்பு நோக்கியா ஈ63 தான? ஸ்பேஸ் பட்டன அழுத்தி பிடிச்சா டார்ச் எரியுமே, கரண்ட் போனப்பல்லாம் நாங்க அத பிடுங்கிட்டு ஓடுவோம்

செல்வி அத்தை: அதேதான் பாலா. இன்னும் டப்பால வச்சிருக்கேன். சார்ஜ் போட்டா உயிர் வருது

கார்த்தி: அம்மா ஏர்டெல் சிம் போட்டா அதுல கால் இப்பவும் பேசலாம், ஏர்டெல் 2ஜி இன்னும் இருக்கு. ஜியோ சிம் போட்டா ஒண்ணும் வராது, ஜியோவுல 2ஜி 3ஜி ரெண்டுமே கிடையாது. ஆனா வாட்ஸப் அந்த சிம்பியன் போனுக்கெல்லாம், அதான் நோக்கியாவோட பழைய சாஃப்ட்வேர்ல ஓடறதுக்கு, 2017லயே நிறுத்தியாச்சு. அதனால அத ஞாபகத்துக்கு வச்சுக்கலாம் அவ்வளவுதான்

பாலா: சரி இந்த விஷயத்துல குடும்பத்துல எனக்குதான் அனுபவம் ஜாஸ்தி அதனால நீளமா போடறேன். நான் வச்சிருக்கறது பிளாக்பெர்ரி கீ2. 2018ல இங்க வந்தப்ப 42,990 ரூபா, நான் வாங்கினது ரொம்ப பின்னாடி, செகண்ட் ஹேண்ட்ல. டைப் பண்ண சுகம்னா சுகம், கண்ண மூடிட்டு அடிக்கலாம், ஸ்பேஸ் பட்டன்லயே கைரேகை இருக்கு, பட்டன் மேல விரல தடவினா ஸ்கிரீன் மேல கீழ நகரும், ஒவ்வொரு எழுத்துக்கும் ரெண்டு ஷார்ட்கட் வச்சுக்கலாம், லேசா அழுத்தினா ஒண்ணு அழுத்தி பிடிச்சா ஒண்ணு, ஆக மொத்தம் 52. நான் அ-க்கு பதிலா ஏ பட்டன்ல அம்மா நம்பர், ஜி அழுத்தினா ஜிபே. இதெல்லாம் நல்ல பக்கம்

செல்வி அத்தை: கெட்ட பக்கத்த சொல்லு

பாலா: ஆண்ட்ராய்ட் 8.1லயே நின்னு போச்சு, 9 கூட வரல. பிளாக்பெர்ரி பேர்ல போன் செஞ்ச டிசிஎல் கம்பெனி 2020 ஆகஸ்ட்டோட விக்கறதையே நிறுத்திட்டாங்க. அதனால பாதுகாப்பு அப்டேட் ஒண்ணும் கிடையாது, இன்னைக்கு பேங்க் ஆப் ஓடுது, நாளைக்கு அவங்க குறைஞ்சபட்ச ஆண்ட்ராய்ட் வெர்ஷன ஏத்தினா அன்னைக்கே முடிஞ்சது கதை. எனக்கு ஒரு பேங்க் ஆப் ஏற்கனவே திறக்க மாட்டேங்குது. பேட்டரி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல மாத்தினேன், ஒரிஜினல்னு சொல்லித்தான் குடுத்தாங்க, மத்தியானம் மூணு மணிக்கு சார்ஜர தேட வைக்குது. இன்னொண்ணு, பட்டன்ல இங்கிலீஷ் மட்டும்தான். தமிழ் அடிக்கணும்னா ஸ்கிரீன்ல கீபோர்ட கூப்பிட்டு அதத்தான் தொட்டுட்டு இருக்கேன்

தீபா: அப்ப அத்தைக்கு என்ன பிரயோஜனம்டா. அத்தை அடிக்கறது முக்கால்வாசி தமிழ்தான

பாலா: அதான் சொல்றேன்ல

கணேசன் சித்தப்பா: [படம்] இத பாரு அக்கா. சாம்சங் கேலக்ஸி சாட். 1,500 ரூவாய்க்கு ஒருத்தர் போட்டிருக்கார். ஆண்ட்ராய்ட், பட்டன், பிராண்டு எல்லாம் இருக்கு. பேசி 1,200க்கு முடிச்சிடலாம்

கார்த்தி: மாமா அது 2012 மாடல், ஆண்ட்ராய்ட் 4. வாட்ஸப்புக்கு குறைஞ்சது 5 வேணும். அதே வரிசையில கேலக்ஸி ஒய் ப்ரோ, எச்டிசி சாச்சா இதெல்லாம் யாராவது காட்டினா அப்படியே நகர்ந்துருங்க. பழைய பிளாக்பெர்ரி, கர்வ், க்யூ10, பாஸ்போர்ட், எதையும் தொடாதீங்க, 2022 ஜனவரி 4ஓட அந்த கம்பெனியே தன் சர்வர மூடிட்டான், கால் போகும்னு கூட உத்தரவாதம் இல்லைன்னு அவனே சொல்லிட்டான். பிளாக்பெர்ரின்னு பேர் இருந்தாலும் உள்ள ஆண்ட்ராய்ட் ஓடறது மட்டும்தான் தப்பிச்சது, பாலா வச்சிருக்கறது அந்த வகை

கணேசன் சித்தப்பா: நீ எத காட்டினாலும் வேணாங்கற மாப்ள

கார்த்தி: வேணும்னு சொல்ற மாதிரி நீங்க ஒண்ணு காட்டுங்க மாமா

தீபா: புதுசா வேணும்னா யூனிஹெர்ட்ஸ்னு ஒரு சைனா கம்பெனி இருக்கு, அவங்கதான் இப்ப விடாம பட்டன் போன் போடறது. டைட்டன், டைட்டன் பாக்கெட், டைட்டன் ஸ்லிம், 2025ல டைட்டன் 2. என் ஆபீஸ்ல ஒருத்தர் பாக்கெட் வச்சிருக்கார், நான் அடிச்சு பாத்தேன். குட்டியா சதுரமா 3.1 இன்ச் ஸ்கிரீன், வெயிட் 216 கிராம், கையில வச்சா சின்ன செங்கல்லு. டைப் பண்ண நல்லா இருக்கு ஆனா சதுர ஸ்கிரீன்ல பாதி ஆப்புக்கு கீழ இருக்கற பட்டன் மறைஞ்சு போகுது, அவர் தேச்சு தேச்சு தேடிட்டு இருந்தார்

செல்வி அத்தை: என்ன விலை தீபா

தீபா: பெரிய டைட்டன் 2 கிக்ஸ்டார்ட்டர்ல, அதான் பொருள் வர்றதுக்கு முன்னாடியே காசு வாங்கற சைட்ல, முன்பணம் கட்டினவங்களுக்கே 269 டாலர்ல இருந்துதான் அத்தை. அமெரிக்க டாலர். நம்ம காசுல இருபதாயிரத்துக்கு மேல போகும், அதுக்கு மேல கஸ்டம்ஸ்

செல்வி அத்தை: அப்ப வேணாம்

பாலா: விலைய விடுங்க, வெளிநாட்டு போன் வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பாக்கணும். ஜியோவுல எல்லா காலுமே வோல்டிஇ, அதான் 4ஜிலயே பேசற வசதி, அது வழியாத்தான் போகும். போன்ல அந்த 4ஜி பேண்ட், அதான் அலைவரிசை, இருந்தும், 3, 5, 40 அதான் ஜியோவோடது, வோல்டிஇ ஜியோவுக்குன்னு செட் ஆகலைன்னா நெட் வரும் கால் வராது. வாங்கினதுக்கு அப்புறம் சிம்ம மாத்தி மாத்தி போட்டு பாத்துட்டு உக்காந்திருக்கணும். கீழ விழுந்து பட்டன் ஒண்ணு போச்சுன்னா இங்க மாத்தித்தரவும் ஆள் கிடையாது. கீ2 இந்தியாவுல வித்த மாடல், அதனால எனக்கு ஜியோ கால் போகுது

சுமதி சித்தி: இவ்வளவு யோசிக்கறதுக்கு மதினி லெட்டர் போட்டுரலாம்

செல்வி அத்தை: போஸ்ட் கார்டு அம்பது பைசா சுமதி. அதுவும் சரியான யோசனைதான்

கார்த்தி: அம்மா நான் ஒண்ணு கேக்கறேன். உனக்கு பட்டன் வேணுமா இல்ல தப்பில்லாம வேகமா அடிக்கணுமா? ரெண்டும் ஒண்ணு மாதிரி தெரியும் ஆனா இல்ல

செல்வி அத்தை: என்னடா பெரிய வக்கீல் கேள்வி. முப்பது வருஷம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தினவ நான். தமிழ் மிஷினோட முதல் பாடம் யளனகபக அடிச்சு அடிச்சு எத்தன பிள்ளைங்க லோயர் ஹையர் பரீட்சை பாஸ் பண்ணிருக்கு. இங்கிலீஷ் ஹையர்ல நிமிஷத்துக்கு 45 வார்த்தை, மிஷின்ல ரிப்பன் மாத்தினது நான், என்ன போய் ஒத்த விரலால தடவ சொல்றீங்க. எனக்கு எழுத்து எங்க இருக்குன்னு கண்ணு பாக்காது, விரலுக்குத்தான் தெரியும். இந்த கண்ணாடில விரலுக்கு ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது

தீபா: அத்தை இத விட தெளிவா யாராலயும் சொல்ல முடியாது

கார்த்தி: அதான் நானும் சொல்ல வர்றேன். உன் விரலுக்கு தெரிஞ்சது பத்து விரல் கீபோர்டு. ஈ63ல இருந்ததும் பாலா போன்ல இருக்கறதும் ரெண்டு கட்டை விரலுக்கு. அதுலயும் எழுத்து வரிசை இங்கிலீஷ் மட்டும். பத்தாயிரம் குடுத்து அத வாங்கினா தமிழுக்கு மறுபடி கண்ணாடியத்தான் தொடணும்

செல்வி அத்தை: அப்ப என்னதான் செய்ய

கார்த்தி: வீட்டுல என் பழைய லேப்டாப் இருக்குல்ல. அதுல வாட்ஸப் வெப் போட்டுக்கலாம், ஒரு நம்பர நாலு மெஷின்ல இணைக்க விடறான், போன் ஆஃப்ல கிடந்தாலும் லேப்டாப்ல மெசேஜ் போகும், ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது போன திறந்தா போதும். இ-கலப்பைன்னு இலவச சாஃப்ட்வேர், அதுல தமிழ்99, பாமினின்னு கீபோர்டு வரிசைங்க, அதோட நீ சொல்ற பழைய டைப்ரைட்டர் வரிசையும் இருக்கு. உன் யளனகபக அப்படியே வரும்

செல்வி அத்தை: நெசமாவா

பாலா: நெசம் அத்தை. என்எச்எம் ரைட்டர்னு இன்னொரு சாஃப்ட்வேர்லயும் இருக்கு. எங்க ஆபீஸ்ல பழைய ஸ்டெனோ ஒருத்தர் அதுலதான் அடிக்கறார், ஸ்கிரீன பாக்காம அடுத்தவங்ககிட்ட பேசிட்டே அடிப்பார்

செல்வி அத்தை: ஏ கார்த்தி இத நீ ரெண்டு வருஷம் முன்னாடி சொல்லிருக்கலாம்ல

கார்த்தி: நீ ரெண்டு வருஷம் முன்னாடி கேட்டிருக்கலாம்ல

பாலா: ஒரு நிமிஷம். லேப்டாப்ப தூக்கிட்டு பேங்க் வாசல்ல நிக்க முடியுமா? அத்தை பாதி மெசேஜ் பஸ் ஸ்டாண்டுல இருந்து போடறாங்க. போன்லயே ஒரு வழி வேணும்

கார்த்தி: அதுக்கு செட்டிங்ஸ்லயே கொஞ்சம் செய்யலாம். அம்மா உன் விரல் நுனி காய்ஞ்சிருக்கு, டச் ஸ்கிரீன் வேலை செய்யறதே தோல் வழியா போற மின்னூட்டத்துலதான், காய்ஞ்ச தோல்னா சரியா பிடிக்காது, தொட்டாலும் விழ மாட்டேங்குதுன்னு சொன்னியே அது அதான். உன்னுது சாம்சங்தான, டிஸ்ப்ளேல டச் சென்சிடிவிட்டின்னு ஒண்ணு இருக்கும், ஆன் பண்ணு. அந்த கண்ணாடி ஸ்டிக்கர் நுனி உரிஞ்சு கிடக்கே அதையும் கழட்டிரு. அப்புறம் ஜிபோர்டுல, அதான் கூகுளோட கீபோர்டு ஆப்ல, கீபோர்டு உயரத்த கூட்டலாம், எழுத்து பெருசாகும், அழுத்தினா லேசா அதிர்ற மாதிரியும் வைக்கலாம்

தீபா: அத்தை மைக்க தொட்டு பேசினா தமிழ்ல அதுவே எழுதிடும், பஸ் ஸ்டாண்டுக்கு அது போதும்

செல்வி அத்தை: பஸ் ஸ்டாண்டுல நின்னு குழு கணக்க சத்தமா சொல்ல சொல்றியா. எவன் எவ்வளவு பாக்கின்னு ஊருக்கே தெரிஞ்சிரும்

கணேசன் சித்தப்பா: அதுலயும் அக்கா சத்தம் மைக் இல்லாமலே கேக்கும்

செல்வி அத்தை: கணேசா

பாலா: அத்தை இன்னொரு வழி, ஓடிஜி. சின்ன கனெக்டர் நூறு ரூவா பக்கம், கம்ப்யூட்டர் கீபோர்டோட யூஎஸ்பிய அதுல சொருகி போன்ல மாட்டினா அப்படியே வேலை செய்யும், ஒண்ணும் இன்ஸ்டால் பண்ண வேணாம். ஒயர் வேணாம்னா மடிக்கற புளூடூத் கீபோர்டு இருக்கு, ஆயிரம் ஆயிரத்தி ஐநூறுல கிடைக்கும், ஹேண்ட்பேக்ல போயிரும். வாட்ஸப் சாட் செட்டிங்ஸ்ல "என்டர் அனுப்பும்"னு இருக்கறத மட்டும் ஆஃப் பண்ணிருங்க, இல்லைன்னா அடுத்த வரிக்கு போக என்டர் தட்டும்போதெல்லாம் பாதி மெசேஜ் பறந்து வந்துட்டே இருக்கும்

தீபா: தமிழ்?

பாலா: அங்கதான் இடிக்குது. என் போன்ல கீபோர்டு மாட்டிட்டு செட்டிங்ஸ்ல லேஅவுட் லிஸ்ட முழுக்க தேடினேன், தமிழ் டைப்ரைட்டர் வரிசை அதுல இல்ல. இங்கிலீஷ் சூப்பரா வருது

செல்வி அத்தை: இன்ஸ்டிடியூட்ட மூடினப்ப எடுத்துட்டு வந்த கம்ப்யூட்டர் கீபோர்டு ரெண்டு பரண்ல கிடக்கு. அத மாட்டலாமா

பாலா: யூஎஸ்பி முனை தட்டையா இருந்தா மாட்டலாம். உருண்டையா ஊதா கலர்ல இருந்தா முடியாது அத்தை, அது பழைய பிஎஸ்2

செல்வி அத்தை: ஒண்ணு ஊதா. ஒண்ணு தட்டை

கார்த்தி: அப்ப தட்டைய லேப்டாப்லயே மாட்டிக்கோ அம்மா, லேப்டாப் கீபோர்ட விட உனக்கு அதான் கைக்கு வரும். கணக்கு, பெரிய மெசேஜ் எல்லாம் உக்காந்து அதுல. வெளிய போனா போன்ல பெரிய எழுத்து, சின்ன மெசேஜ். காசு எதுவும் செலவில்ல

செல்வி அத்தை: லேப்டாப் சரிடா, அது முடிவு. வர்ற சனிக்கிழமை லைன்ல வந்து அந்த கலப்பைய போட்டு குடு. ஆனா பட்டன் போன நான் இன்னும் விடல. பாலா பங்குனி திருவிழாவுக்கு வருவல்ல, உன் போன கையில குடு, ஒரு பக்கம் அடிச்சு பாத்துட்டு நானே சொல்றேன். கார்த்தி சொல்ற மாதிரி கட்டை விரலுக்கு பிடிபடலைன்னா அன்னைக்கே விட்டுர்றேன்

பாலா: தாராளமா அத்தை. காலைலயே வாங்கிக்கோங்க, மூணு மணிக்கு மேல அதுக்கு உசுரு இருக்காது

தீபா: அத்தை, கீ2 பிடிச்சிருந்தாலும் ஜிபே மட்டும் பழைய போன்லயே வச்சுக்கோங்க. அப்டேட் நின்ன போன்ல பேங்க் கணக்கு வேணாம்

செல்வி அத்தை: அப்ப ரெண்டு போன் தூக்கிட்டு அலையணும்

தீபா: ஆமா

செல்வி அத்தை: அத திருவிழாவுல பாத்துக்கலாம்

கணேசன் சித்தப்பா: அப்ப என் ஜியோபோன் 2 யாருக்கும் வேணாமா. எஃப்எம் ரேடியோ எடுக்கும்

சுமதி சித்தி: எனக்கு குடுங்க, சமையக்கட்டுல வைக்க. மதினி வத்தல் ரெண்டு கிலோ எடுத்து வச்சுட்டேன், சாயங்காலம் பையன்கிட்ட குடுத்து விடறேன்